அண்டை நாட்டின் காயங்கள்: உலகம் கொடுத்தது எங்கே போயிற்று?





அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பகுதியைக் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்கு மாதம் ஒருமுறை சென்றுவரும் எங்கள் மருத்துவக் குழுவின் செலவுக்கு ஒதுக்கியிருப்பதாகச் சென்ற இதழில் அறிவித்திருந்தோம். அதைப் படித்த நெடுங்கால ஆதரவாளர் ஒருவர் ஒளிவுமறைவில்லாமல் ஒரு கடிதம் எழுதினார். "1983-இல் கொடுத்தோம். சுனாமிக்குக் கொடுத்தோம். 2009-இல் கண்ணீரோடு கொடுத்தோம். உலக நாடுகளும் கோடி கோடியாகக் கொடுத்ததாகப் பத்திரிகையில் படித்தோம். அதெல்லாம் எங்கே போயிற்று? சண்டை ஓய்ந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஜனங்கள் ஏன் இன்னும் முகாமில் இருக்கிறார்கள்?" என்பது அவருடைய கேள்வி.

அந்தச் சகோதரரின் கேள்வியில் எங்களுக்கு வருத்தமில்லை. கொடுக்கிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. அவருக்கு மட்டும் பதில் எழுதுவதைவிட உங்கள் எல்லோருக்கும் எழுதுவது நலமென்று எண்ணி, இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

எல்லை ஊர்க்காரர்களாகிய நாங்கள்

முதலில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் தமிழிலும், மற்றவர்கள் தெலுங்கிலும் தங்கள் வலியைச் சொல்லுவார்கள். 1953-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது திருத்தணி அதனோடு சேர்க்கப்பட்டது. ம.பொ.சிவஞானம் போன்றோர் போராடினார்கள், சிறை சென்றார்கள். இரு பக்கத்திலும் மனம் கொதித்த காலம் அது என்று எங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடைசியில் இரு மாநிலங்களும் ஒத்துக்கொண்ட மத்தியஸ்தராகிய படாஸ்கர், கிராமம் கிராமமாகப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, வேறு சில கிராமங்கள் ஆந்திரத்திற்குப் போயின. அன்று மனவருத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒரே ரயிலில் வேலைக்குப் போகிறார்கள்.

இங்கே மத்தியஸ்தரின் சொல் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. அவருக்குப் பின்னால் இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரு பாராளுமன்றமும் ஒரு சட்டமும் இருந்தன. இலங்கையில் சமாதானம் பேச வந்தவர்களுக்கு அந்தப் பின்பலம் இருக்கவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்வருவது எளிதில் விளங்கும்.

சமாதானம் பேச வந்தவர்கள்

1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததிலிருந்து பகை வளர்ந்தது. 1983 ஜூலையில் தமிழர்மேல் நடந்த வன்முறைக்குப் பின் அது முழுப் போராயிற்று. முதலில் சமாதானம் செய்யப் போனது நம் தேசந்தான். 1987 ஜூலை 29 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப்படை சென்றது. காக்கப் போன படையே போரில் சிக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் உயிரிழந்தனர், அங்குள்ள பொதுமக்களும் மாண்டனர். 1990 மார்ச்சில் படை திரும்பியது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த இடம் எங்களுக்கு வெகுதூரமல்ல. அன்றுவரை அகதிகளுக்குத் திறந்திருந்த பல கதவுகள் அந்த ஒரே இரவில் சாத்தப்பட்டன.

அடுத்து நார்வே வந்தது. அதன் முயற்சியால் 2002 பிப்ரவரி 22 அன்று போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டது. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். ஆயுதமில்லாத அவர்களால் மீறல்களைக் குறித்துவைக்க முடிந்தது, தடுக்க முடியவில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலை திறந்தது. வருஷக்கணக்கில் பார்க்காத உறவுகள் சந்தித்துக்கொண்டன.

2003 ஜூன் மாதம் டோக்கியோவில் 51 நாடுகளும் 22 சர்வதேச நிறுவனங்களும் கூடி, நான்கு ஆண்டுகளுக்கு 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. நம் சகோதரர் கேட்கும் "கோடி கோடி" இதுதான். ஆனால் யுத்தத்தின் ஒரு தரப்பாகிய விடுதலைப் புலிகள் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அமெரிக்காவில் அந்த இயக்கம் தடைசெய்யப்பட்டிருந்ததால், ஏப்ரல் மாதம் வாஷிங்டனில் நடந்த ஆயத்தக் கூட்டத்தில் அவர்கள் கலந்துகொள்ள முடியவில்லை. அதற்குப்பின் பேச்சுவார்த்தையையே நிறுத்திவைத்துவிட்டார்கள். சமாதானம் முன்னேறினால் பணம் வரும் என்பது டோக்கியோவின் எண்ணம். இரு தரப்பும் சமாதானத்தை விரும்பாதபோது பணத்துக்கு அவர்களை அழைத்துவரும் பலம் இல்லை என்பது அங்கே வெளியாயிற்று.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்து, இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. துக்கம் எல்லோரையும் ஒன்றாக்கும் என்று உலகம் நம்பியது. உதவிப் பணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து பங்கிட 2005 ஜூனில் ஓர் ஏற்பாடு கையெழுத்தானது. அடுத்த மாதமே இலங்கை உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்குத் தடை விதித்தது. 2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து விலகியது. நார்வே தன் தோல்வியை மூடிவைக்கவில்லை. வெளியாட்களைக் கொண்டு தன் முயற்சியை ஆராயச்செய்து, அந்த அறிக்கையை 2011-இல் வெளியிட்டது. உதவி செய்கிறவர்கள் யாவரும் கற்கவேண்டிய பாடம் அது.

போனவர்களும் இருந்தவர்களும்

2008 செப்டம்பரில், வன்னியில் தங்கள் பாதுகாப்புக்கு உறுதி கூற முடியாது என்று அரசு சொன்னதால், ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். போகவேண்டாம் என்று ஜனங்கள் அவர்களுடைய வாசலில் நின்று கெஞ்சினார்கள். பின்னாளில் ஐ.நா.வே அமைத்த விசாரணைக் குழு, தங்கள் அமைப்பு அந்தக் காலத்தில் கடமை தவறியதாக 2012-இல் ஒப்புக்கொண்டது. கடைசி மாதங்களில் மட்டும் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-இல் கூறியது. குண்டு வீசியவர்களும், ஜனங்களை வெளியேறவிடாமல் கேடயமாக வைத்திருந்தவர்களும் இதற்குப் பொறுப்பு என்று அதே குழு எழுதியது.

மருத்துவமனை ஊழியர்களாகிய எங்கள் மனதை விட்டு நீங்காதது இன்னொரு காட்சி. பள்ளிக்கூடங்களில் தற்காலிக ஆஸ்பத்திரி அமைத்து, மருந்தும் இரத்தமும் தீர்ந்தபின்பும் நோயாளிகளைக் கைவிடாமல் இருந்த அரசாங்க வைத்தியர்களும் தாதியரும் அங்கே இருந்தார்கள். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் 2009 பிப்ரவரி முதல் மே மாதத் தொடக்கம் வரை, முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து 13,000-க்கும் மேற்பட்ட காயக்காரர்களையும் அவர்களுடைய உறவினரையும் கப்பலில் ஏற்றி அழைத்துச்சென்றது. அப்படி வந்தவர்களில் பலரைப் புல்மோட்டையில் எதிர்கொண்டு சிகிச்சை அளித்தது, அந்த மார்ச் மாதம் இந்தியா அனுப்பிய மருத்துவக் குழு. போர் முடிந்தபின் அது இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் அடைக்கப்பட்டிருந்த மெனிக் பார்ம் முகாம் பகுதிக்கு மாறியது. அந்த ஆறு மாதத்தில் அது பார்த்த நோயாளிகள் 50,000-க்கும் மேல்.

மண்ணும் காலும் வீடும்

2009 மே மாதம் துப்பாக்கி ஓய்ந்தது. ஊருக்குப் போகலாம் என்றால், ஊர் மண்ணே ஆபத்தாக இருந்தது. இரு தரப்பாரும் புதைத்த மிதிவெடிகள் வயலிலும் தோப்பிலும் கிணற்றடியிலும் கிடந்தன. ஒரு குழந்தையின் கால் பட்டாலும் வெடிக்கக்கூடியவை அவை. புதைத்தவர்கள் இறந்துபோனாலும் அவை சாவதில்லை.

அவற்றை எடுக்கும் விதத்தைச் சொன்னால், பணம் எங்கே போயிற்று என்பதில் பாதி விளங்கும். ஒருவர் முகக்கவசமும் கனத்த மேலங்கியும் அணிந்து, ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையை இருபுறமும் குறியிட்டு, வெயிலில் முழங்காலிட்டு, நீண்ட பிடி போட்ட மண்வாரியால் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கீறிப் பார்க்கவேண்டும். ஒரு நாளெல்லாம் உழைத்தாலும் சில சதுர மீட்டர்தான் முடியும். பிரிட்டனைச் சேர்ந்த ஹாலோ டிரஸ்ட், மேக் ஆகிய அமைப்புகள் 2002 முதல் அங்கே இதைச் செய்துவருகின்றன. நம் நாட்டு முன்னாள் இராணுவத்தினர் அடங்கிய குழுக்களும் இந்திய அரசின் செலவில் சென்றன. பல நாடுகள் சம்பளம் கொடுத்தாலும், மண்ணைக் கீறிய கைகள் பெரும்பாலும் அந்த ஊர்க் கைகளே. போர்முனையாயிருந்த முகமாலையில் கணவனை இழந்த பெண்களும் இந்த வேலையைக் கற்று, அதன் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி 2028-க்குள் மண் சுத்தமாகவேண்டும். வேலை இன்னும் முடியவில்லை.

அடுத்தது கால். 1968-இல் நம் ஜெய்ப்பூரில் உருவான ரப்பர் பாதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை அணிந்தவர் செருப்பில்லாமல் நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், சம்மணமிட்டு உட்காரலாம். வயலில் வேலை செய்கிறவருக்கு ஏற்ற கால் அது. 2010-இல் ஜெய்ப்பூரிலிருந்து சென்ற குழு வவுனியாவில் முகாம் நடத்தி, ஏறக்குறைய 1,400 செயற்கை உறுப்புகளைப் பொருத்தியது. ஆனால் செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்து முடிக்கிற தானமல்ல. வளரும் பிள்ளைக்கு அடிக்கடி மாற்றவேண்டும். பெரியவர்களுக்கும் சில வருஷங்களில் தேய்ந்துவிடும். 1987-இலேயே யாழ்ப்பாணத்தார் தங்கள் ஊரில் ஒரு ஜெய்ப்பூர் நிறுவனத்தை ஏற்படுத்தி, போருக்குள்ளும் நடத்திவந்தார்கள். முகாம் நடத்திய நண்பர்கள் வீடு திரும்பியபின், தேய்ந்த காலை மாற்ற ஒரு வாசல் அங்கே திறந்திருக்கிறது.

மூன்றாவது வீடு. இந்திய அரசு 50,000 வீடுகள் கட்டித்தருவதாக ஏற்றது. அதில் 46,000 வடக்கு கிழக்கிலும், 4,000 மலையகத்திலும். முதல் ஆயிரம் வீடுகள் காண்டிராக்டர் மூலம் கட்டப்பட்டன. 2012 அக்டோபர் 2 முதல் முறை மாறியது. வீடு ஒன்றுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், அஸ்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏற, தவணை தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே சேர்க்கப்பட்டது. கொத்தனாரையும் செங்கல்லையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். பணம் போதாமல் கடன்பட்ட குடும்பங்களும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் தன் கையால் கணக்குப் பார்த்துக் கட்டிய வீட்டை அவர்கள் தங்கள் வீடென்று சொன்னார்கள். 1990-இல் நின்றுபோன யாழ்தேவி ரயிலும், நம் ரயில்வே நிறுவனம் ஒன்று போட்ட தண்டவாளத்தில் 2014 அக்டோபரில் மறுபடியும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது.

பணத்தால் ஆகாதவை

இத்தனைக்குப் பிறகும் ஆறாதவை உண்டு. காணாமற்போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு, 2017 முதல் தாய்மார் தெருவோரத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். காணாமற்போனோரைத் தேட 2016-இல் சட்டமும், பிறகு ஓர் அலுவலகமும் வந்தன. அலுவலகம் வந்ததேயன்றி உண்மை வரவில்லை. இராணுவம் எடுத்துக்கொண்ட காணிகளில் பல திருப்பித் தரப்பட்டன, எல்லாம் தரப்படவில்லை. வீட்டையும் பாலத்தையும் வெளிநாட்டார் கட்டித்தரலாம். "நடந்தது இது, செய்தவர்கள் நாங்கள்" என்று சொல்வதை மட்டும் அந்த நாட்டார்தான் செய்யவேண்டும்.

ஆகவே அந்தச் சகோதரருக்கு எங்கள் பதில் இது. சமாதானத்தை விலைக்கு வாங்கக் கொடுத்த பணம் பெரும்பாலும் பலிக்கவில்லை. சமாதானத்துக்காகக் காத்திருக்கும் ஜனங்களை உயிரோடும் மானத்தோடும் தாங்கிப்பிடிக்கக் கொடுத்த பணம் வீண்போகவில்லை. அதிலும் உள்ளூர்க் கைகளில் சேர்ந்ததும், வருஷக்கணக்கில் விடாமல் கொடுக்கப்பட்டதுமே நிலைத்தது. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியன் கள்ளரைப் பிடிக்கவில்லை, அந்தச் சாலையைச் சீர்படுத்தவும் இல்லை. காயத்தைக் கட்டினான், சத்திரக்காரனிடம் ஒப்படைத்தான், திரும்பிவருவேன் என்று சொல்லிப் போனான். எந்த உதவிக்கும் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் அதில் இருக்கின்றன. அங்கேயே இருக்கிற சத்திரக்காரன் யார்? நாம் திரும்பிப்போவோமா?

நாம் பட்ட கடன்

இன்னொன்றும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தார் நம்மிடம் கையேந்தி வந்த அந்நியர் என்று நினைக்கக்கூடாது. 1819-இல் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க வைத்தியர் வந்திறங்கி வைத்தியம் செய்தது யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில்தான். 1836-இல் அவர் சென்னைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்த அவருடைய மகனின் மகளே வேலூர் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர். எங்கள் பகுதி நோயாளிகளை மேல்சிகிச்சைக்கு வேலூருக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் யாழ்ப்பாணத்துக்கு நாம் பட்ட கடன் நினைவுக்கு வரவேண்டும். மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற வைத்தியர் 1840-களிலிருந்து உழைத்து, மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் இளைஞரைத் தமிழிலேயே வைத்தியராகப் பயிற்றுவித்தார். அவர் 1873-இல் தம் நாடு திரும்பியபின்னும் வைத்தியம் நிற்கவில்லை, கற்றவர்கள் அங்கேயே இருந்தபடியால்.

முகாமில் எங்களுக்குக் கிடைத்த கேள்வி

கடைசியாக, ஏன் இன்னும் முகாமில் இருக்கிறார்கள் என்ற கேள்வி. தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்துவருகிறார்கள். 2021-இல் தமிழக அரசு பழுதடைந்த குடியிருப்புகளுக்குப் பதிலாக 7,469 வீடுகள் கட்ட ஏற்பாடு செய்து, "மறுவாழ்வு முகாம்" என்று பெயரும் மாற்றியது. வீடு நன்றாயிற்று, ஆனால் அவர்கள் எந்த நாட்டார் என்பது தீரவில்லை. 1987 ஜூலைக்குப் பின் இந்தியாவில் பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இல்லாவிட்டால் பிறப்பினால் குடியுரிமை கிடையாது. இங்கே பிறந்து, இங்கே படித்து, பட்டமும் பெற்ற பிள்ளைகள் அரசாங்க வேலைக்கு மனுப்போட முடியாமல் நிற்கிறார்கள். திரும்பிப்போகவும் தயக்கம். 2022-இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது, புதிதாகச் சிலர் படகேறித் தனுஷ்கோடிக்கு வந்ததை அவர்கள் பார்த்தார்கள். அந்த வருஷம் தமிழகம் அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் அனுப்பியதையும் பார்த்தார்கள்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் குழுவிடம் சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்க வந்த ஒரு தாயார், 1990-இல் முல்லைத்தீவுப் பகுதியிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவர். மருந்தை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். அவருடைய தம்பி எழுதியிருந்தாராம், அவர்கள் காணியைத் துப்புரவாக்கி அபாயப் பலகையை எடுத்துவிட்டார்கள் என்று. "ஐயா, பலகையை எடுத்தால் சரிதானே? எங்கட கிணத்தடிக்கு நான் நடந்து போகலாம்தானே?" என்று கேட்டார். மகள் பக்கத்தில் நின்று, "அம்மா போனால் நான் இங்கே யாரோடு இருப்பேன்?" என்றாள்.

மிதிவெடி எடுத்த நிலத்தை மறுபடி சோதித்து, எழுத்தில் ஒப்படைப்பார்கள் என்பதைச் சொன்னோம். தம்பியிடம் அந்தத் தாளைக் கேட்டுப் பார்க்கும்படி சொன்னோம். சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று எங்கள் செவிலியர் எச்சரித்து, அளவெடுத்து, மென்மையான செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார். மகளுடைய கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அதற்கு டெல்லியும் கொழும்பும் பதில் சொல்லவேண்டும்.

அந்தத் தாயார் இன்னும் முடிவெடுக்கவில்லை. போகிறவரைக்கும் மாதந்தோறும் மருந்துக்கு வருவார். போனால், அங்கே எந்த ஆஸ்பத்திரியில் இதே மருந்து கிடைக்கும் என்பதைத் தமிழில் எழுதிய சீட்டு ஒன்றை அவருடைய நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறோம். உங்கள் காணிக்கையில் எங்கள் வேனுக்கு டீசலும், அந்த மருந்தும், அந்தச் செருப்பும் வாங்கினோம். சகோதரரே, நீங்கள் கேட்ட கணக்கில் எங்கள் பங்கு இவ்வளவே. அடுத்த மாதமும் நாங்கள் அங்கே போவோம்.

இவர்களுக்காகவும், இரு நாட்டு அதிகாரிகளுக்காகவும் தொடர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள். கேள்விகள் இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் ஊழியத்தில்,
ஆஸ்பத்திரி குருவானவரும் உடன் ஊழியரும்
திருத்தணி